போஸ்டருக்கு முன்னால் இருபது ஆண்டுகள்

திரைப்பட இயக்குநர் லீனா மணிமேகலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2022-இல் வெளியான 'காளி' படத்தின் போஸ்டரும் அதையொட்டிய வழக்குகளும்தான். நடுவரோடு போட்ட சண்டையை வைத்து ஓர் ஆட்டக்காரரை யாரும் எடைபோடுவதில்லை, ஆட்டத்தைத்தான் பார்க்கிறோம். விருதுநகர் மாவட்டம் மகாராஜபுரத்தில் பிறந்த இவருடைய ஆட்டம் 2002-இல் 'மாத்தம்மா' ஆவணப்படத்தில் தொடங்கியது. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்படும் அருந்ததியர் சிறுமிகளின் கதை அது. 2008 மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கச் சங்கு வென்ற 'தேவதைகள்' ஒப்பாரி பாடுபவள், கடலுக்குப் போகிறவள், பிணம் புதைப்பவள் என மூன்று பெண்களின் பின்னால் போனது. பிறகு சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலையும் இரண்டு திருநங்கைகளையும் படமாக்கினார். ஒரு பெண்ணின் உடல் யாருக்குச் சொந்தம் என்ற ஒரே கேள்வியைத்தான் இவர் விடாமல் கேட்டுவருகிறார்.

அந்தக் கேள்வி முழு வீச்சில் வெளிப்பட்டது பொதுமக்களிடம் நிதி திரட்டி எடுத்த 'மாடத்தி'யில் (2019). கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஊர் ஒதுக்கிய புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் யோசனா. ஆள் வரும் சத்தம் கேட்டால் புதருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியவள், ஆற்றில் குளிக்கும் இளைஞனை மறைந்திருந்து ஆசையோடு பார்க்கிறாள். கேமரா அவள் பக்கம் நிற்கிறது. பார்க்கப்படவே கூடாத ஒருத்தி பார்க்கிறவளாக மாறும் அந்தக் காட்சிதான் லீனாவின் உச்சம் என்பேன். ஆசைப்பட்டவளைக் கடைசியில் வன்முறைக்குப் பலிகொடுத்துத் தெய்வமாக்கியது பழைய பாதைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எனக்கும் அந்த முடிவில் முழு நிறைவில்லை. ஆனால் கொன்றவர்களே கும்பிடும் கன்னித் தெய்வங்கள் நம் ஊர்ப்பக்கம் ஏராளம். அந்தக் கதைகளில் சொல்லப்படாத அவளுடைய ஆசையைப் படம் சொல்லிவிடுகிறது.

விளம்பரத்துக்காகச் சர்ச்சையைத் தேடுகிறார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. தனுஷ்கோடி மீனவர்களைப் பற்றிய 'செங்கடல்' படத்துக்கு 2011-இல் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் போராடித்தான் வாங்கினார். விளம்பரம் தேடுகிறவர் இத்தனை காலம் சட்டப்படியான வழியில் மல்லுக்கட்ட மாட்டார். அந்தத் தீர்ப்பாயத்தையே ஒன்றிய அரசு 2021-இல் கலைத்துவிட்டது. இனி இப்படியொரு படம் எடுப்பவர் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கு அது எவ்வளவு பெரிய சுமை!

மக்கள் பார்க்காத படத்தால் என்ன பயன் என்பவர்களுக்கும் பதில் இந்தத் தணிக்கைக் கதையில்தான் இருக்கிறது: பார்க்க யார் விட்டார்கள்? பழனியிலும் ஆயக்குடியிலும் திண்டுக்கல்லிலும் இலக்கியக் கூட்டம் நடத்தும் நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உரிய அனுமதி பெற்று 'மாடத்தி'யைத் திரையிடுங்கள். திட்டுவதாக இருந்தாலும் படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுவோம்.