நெருக்கி நெய்த இசை: ஜென்டில் ஜயண்டும் அதன் ரசிகர்களும்

2023 ஜூலையில் வெளிவந்த ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் 'யுடோப்பியா' ஆல்பம், அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. அதன் முதல் பாட்டைப் போட்டால் ஸ்காட்டின் குரலுக்கு முன்பாகவே வேறு சில குரல்கள் கேட்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சர்ச் பாடகர் குழுவும் கோமாளிக் கூட்டமும் சேர்ந்து பாடுவதுபோல் ஒலிக்கும் அந்தக் குரல்கள் 1974இல் பதிவானவை. 'ப்ராக்ளமேஷன்' என்ற பாட்டு, 'த பவர் அண்ட் த க்ளோரி' என்ற ஆல்பம், ஜென்டில் ஜயண்ட் என்ற பிரிட்டிஷ் குழு. அந்த ஆல்பம் வெளிவந்தபோது அதே பில்போர்டு பட்டியலில் 78ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'ஃப்ரீ ஹேண்ட்' 48 வரை ஏறியது. அந்தக் குழு அமெரிக்காவில் தொட்ட உச்சம் அதுதான்.

'உரிய மதிப்புக் கிடைக்காத குழு' என்று ஜென்டில் ஜயண்டின் ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். புலம்பல் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. எழுபதுகளின் ப்ராக்ரஸிவ் ராக் பற்றிப் பேச்செடுத்தால் யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்ஸன், பிங்க் ஃப்ளாய்ட், எமர்ஸன் லேக் அண்ட் பாமர், ஜெத்ரோ டல் என்று ஒரு வரிசை தானாக வந்து நிற்கும். கல்விப்புல ஆய்வுகளும் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் பின்பற்றின. 1997இல் வெளிவந்த எட்வர்ட் மேக்கனின் 'ராக்கிங் த கிளாசிக்ஸ்' இத்துறையின் முக்கியமான நூல்களில் ஒன்று. அதில் அவர் விரிவாகப் பகுத்துக்காட்டும் நான்கு படைப்புகளும் எமர்ஸன் லேக் அண்ட் பாமர், யெஸ், ஜெனிசிஸ், பிங்க் ஃப்ளாய்ட் ஆகிய குழுக்களுடையவை. பால் ஸ்டம்ப் ஜென்டில் ஜயண்டுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதி வெளியிட 2005 ஆக வேண்டியிருந்தது. இரண்டாம் வரிசை என்று ஒதுக்கப்பட்டவர்களில் இவர்கள் தனியாகவும் இல்லை. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், கேமல், கேரவன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விசுவாசக் கூட்டம் உண்டு. ஆனால் கேமலின் ரசிகரிடம் காரணம் கேட்டால் மெட்டைச் சொல்வார், வான் டெர் கிராஃப் ரசிகர் பீட்டர் ஹாமிலின் குரலையும் சொற்களையும் சொல்வார். ஜென்டில் ஜயண்ட் ரசிகர் மட்டும் 'இதை வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா?' என்று திருப்பிக் கேட்பார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் ரசிகர்கள் அதிலிருந்து எடுக்கும் முடிவு எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் கொண்டாடுவது சிக்கலை. நான் பெரிதாக நினைப்பது சிக்கனத்தை.

குழுவின் முன்கதை வேடிக்கையானது. போர்ட்ஸ்மத்தில் வளர்ந்த ஷுல்மன் சகோதரர்கள் மூவர்: ஃபில், டெரெக், ரே. அப்பா ஜாஸ் டிரம்பெட் கலைஞர். அறுபதுகளில் இவர்கள் 'சைமன் டுப்ரீ அண்ட் த பிக் சவுண்ட்' என்ற பெயரில் சோல் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தார்கள். 1967இல் 'கைட்ஸ்' என்ற பாட்டு பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. அவர்களுக்கே பிடிக்காத பாட்டு அது. அந்த நாட்களில் ஒரு சுற்றுப்பயணத்துக்கு மாற்று ஆளாகக் கீபோர்டு வாசிக்க வந்தவர் ரெஜினால்ட் ட்வைட். பிற்பாடு எல்டன் ஜான் ஆனவர் அவர்தான். 1968இல் 'த மோல்ஸ்' என்று பெயரை மறைத்து ஒரு தட்டு வெளியிட்டார்கள். பீட்டில்ஸ்தான் வேறு பெயரில் பாடியிருக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஆக, புகழ் எப்படி வரும், எதனால் வரும் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். தெரிந்தே 1970இல் அந்தக் கடையை மூடிவிட்டு வேறு வேலையில் இறங்கினார்கள். இரண்டாவது ஆல்பமான 'அக்வையரிங் த டேஸ்ட்' (1971) உறையில், மக்களுக்குப் பிடிக்காமல் போனாலும் சரி, வெகுஜன இசையின் எல்லையை விரிப்பதே நோக்கம் என்ற பொருளில் அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். இப்படி எழுதிக் கொடுத்த பிறகு, மக்கள் கண்டுகொள்ளவில்லையே என்று ரசிகர்கள் வருந்துவதில் கொஞ்சம் நகைச்சுவை இருக்கத்தான் செய்கிறது.

புதிதாகச் சேர்ந்த இருவர்தான் குழுவின் திசையைத் தீர்மானித்தார்கள். லண்டன் ராயல் அகாடமியில் இசையமைப்புப் படித்துவிட்டு வந்த கெரி மின்னியர் ஒருவர். கீபோர்டு, செல்லோ, வைப்ரஃபோன், ரெக்கார்டர் என்று எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். கேரி கிரீன் இன்னொருவர், ப்ளூஸ் கிட்டார்காரர். ஒருவர் மத்தியகால, மறுமலர்ச்சிக்கால ஐரோப்பிய இசையைத் தெரிந்தவர், மற்றவர் அமெரிக்கக் கறுப்பர் இசையில் ஊறியவர். இருவருக்கும் நடுவே சகோதரர்கள். இந்தச் சேர்மானத்தை அப்போது வேறெந்தக் குழுவும் வைத்திருக்கவில்லை.

'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்தின் 'ஆன் ரிஃப்ளெக்ஷன்' பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். எந்தப் பக்கவாத்தியமும் இல்லாமல் ஒற்றைக் குரல் ஒரு மெட்டைத் தொடங்குகிறது. அது ஒரு சுற்றுப் பாடி முடிக்கிற இடத்தில் இரண்டாவது குரல் அதே மெட்டோடு நுழைய, முதல் குரல் விலகி வேறு வரியைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு மூன்றாவது, நான்காவது. நான்கும் சேர்ந்தபின் எது பிரதானம், எது துணை என்று பிரிக்க முடியாது. பாக் காலத்து ஃபியூக்கின் முறை இது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஓட்டம் அந்நியமாக இருக்காது. நடுவில் எல்லாம் அடங்கி, மின்னியரின் மெல்லிய குரலும் மென்மையான வாத்தியங்களும் மட்டும் மிஞ்சுகின்றன. அதன்பின் தொடக்கத்தில் குரல்கள் பாடிய அதே பின்னலை இப்போது வாத்தியங்கள் எடுத்துக்கொள்ள, ட்ரம்ஸ் அடியில் வந்து நிற்கிறது. இத்தனையும் ஆறு நிமிடத்துக்குள். மேடையில் இதையே தலைகீழாக்கினார்கள். 1976இல் ஐரோப்பியப் பயணத்தில் பதிவாகி 'ப்ளேயிங் த ஃபூல்' என்ற நேரடி ஆல்பத்தில் வந்த வடிவம், அமைதியான பகுதியில் தொடங்கி, அப்புறம்தான் நான்கு குரல் பின்னலுக்கு வருகிறது. ஸ்டுடியோ வடிவத்தை அச்சுப்பிசகாமல் மேடையில் ஒப்பிக்க இவர்கள் விரும்பியதே இல்லை.

சிக்கனம் என்றேனே, அது இதுதான். அந்தக் காலத்தில் யெஸ்ஸும் ஜெனிசிஸும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே ஏறக்குறைய நிரப்பும் இருபது நிமிடப் படைப்புகளை எழுதின. ஜென்டில் ஜயண்ட் அந்தப் பக்கமே போகவில்லை. முதல் ஆல்பத்தின் 'நத்திங் அட் ஆல்' ஒன்பது நிமிடம். அதைவிட நீளமான பாட்டை அவர்கள் ஸ்டுடியோவில் பதிவுசெய்யவே இல்லை. பெரும்பாலான பாட்டுகள் நான்கு முதல் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். 'ஆக்டபஸ்' (1972) ஆல்பத்தில் எட்டுப் பாட்டு, மொத்தம் 34 நிமிடம். மற்றவர்கள் ஒரு யோசனையை ஐந்து நிமிடம் விரித்த இடத்தில் இவர்கள் ஐந்து யோசனைகளை ஒரு நிமிடத்தில் அடுக்கினார்கள். முதல்முறை கேட்பவருக்கு மூச்சு முட்டுவது அதனால்தான். நீண்ட பாட்டில் கேட்பவர் வழியில் இளைப்பாறலாம். இங்கே திண்ணையே கிடையாது.

அந்த 'ஆக்டபஸ்'ஸில் 'நாட்ஸ்' என்றொரு பாட்டு. மனநல மருத்துவர் ஆர். டி. லெய்ங் அதே பெயரில் எழுதிய நூல் அதற்குத் தூண்டுதல். உறவுகளில் மனிதர்கள் தங்களைத் தாங்களே சிக்கவைத்துக்கொள்ளும் முடிச்சுகளைப் பேசும் நூல் அது. பாட்டில் ஒரு குரல் விட்ட அசையை இன்னொரு குரல் பிடிக்கிறது. ஒரு வாக்கியம் நான்கு வாய்களில் துண்டுதுண்டாகச் சிதறி, கேட்பவர் காதில்தான் ஒன்றுசேர்கிறது. பொருளும் வடிவமும் ஒன்றான பாட்டு என்று ரசிகர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். நியாயமான தேர்வு. ஆனால் ஜென்டில் ஜயண்டைப் புதிதாகக் கேட்கப்போகிறவருக்கு நான் இதைத் தரமாட்டேன். பயந்து ஓடிவிடுவார். 'த்ரீ ஃப்ரெண்ட்ஸ்' ஆல்பத்தைத் தருவேன். ஒரே பள்ளியில் படித்த மூன்று நண்பர்கள் கூலித் தொழிலாளியாக, ஓவியனாக, அலுவலகக்காரனாகப் பிரிந்துபோகும் கதை. பிரிட்டனின் வர்க்கப் பிரிவினையைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசிய ராக் ஆல்பம் குறைவு.

தாளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஜஸ்ட் த சேம்' விரல் சொடுக்குகளோடு தொடங்கும். மனசு ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்வதற்குள் பியானோ எதிர்பாராத இடத்தில் வந்து இறங்கும். இம்மாதிரி இடங்களில் பாராட்டு முழுக்கப் பாட்டை எழுதியவர்களுக்கே போய்விடுகிறது. 1972இல் சேர்ந்த வேல்ஸ் நாட்டு ட்ரம்மர் ஜான் வெதர்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அவர் கீழே கனமாக, நேராக அடித்துக்கொண்டிருந்தார். அந்த அடி இல்லையென்றால் இந்த இசை வகுப்பறைப் பயிற்சியாகப் போயிருக்கும். ரசிகர்களின் புகழ்மாலையிலேயே உரிய மதிப்புக் கிடைக்காதவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன்.

மேடையில் இவர்கள் ஆளாளுக்கு வாத்தியத்தை மாற்றிக்கொள்வார்கள். பேஸ் கிட்டார் வாசித்த ரே வயலினை எடுப்பார், பிறகு கிரீனோடு அக்கூஸ்டிக் கிட்டார் ஜோடி வாசிப்பு. நால்வர் ரெக்கார்டர் ஊதுவார்கள். கடைசியில் ஐந்து பேரும் தோல்வாத்தியங்களைச் சுற்றி நின்று கொட்டித் தீர்ப்பார்கள். 1974இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்காகப் பதிவான நிகழ்ச்சியில் இதையெல்லாம் பார்க்கலாம். யாரும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே வாசிக்கிறார்கள். ஆனால் எங்கே, யாருக்கு முன்னால் வாசித்தார்கள் என்பதும் முக்கியம். 1972இல் அமெரிக்காவில் பிளாக் சபாத்துக்கு முன்னால் வாசிக்கும் குழுவாக மேடையேற்றப்பட்டார்கள். கனத்த கிட்டாருக்காகக் காத்திருந்த கூட்டம், ஹாலிவுட் பௌலில் இவர்களைக் கூச்சலிட்டு விரட்டாத குறை. இத்தாலியும் ஜெர்மனியும் கனடாவின் கியூபெக்கும் அப்படி நடத்தவில்லை. வான் டெர் கிராஃப்பின் 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பத்தை முதலிடத்தில் வைத்த இத்தாலி, இவர்களையும் நன்றாகவே வரவேற்றது. சொந்த ஊரில்தான் விலைபோகவில்லை.

1973இன் 'இன் எ க்ளாஸ் ஹவுஸ்' ஆல்பத்தை விற்கமுடியாது என்று சொல்லி அமெரிக்க நிறுவனம் வெளியிடவே மறுத்தது. மூத்தவர் ஃபில் விலகிய பிறகு வந்த முதல் ஆல்பம் அது. கண்ணாடி உடையும் ஓசையையே தாளமாக அடுக்கித் தொடங்கும். அமெரிக்க ரசிகர்கள் இறக்குமதித் தட்டுகளாக அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். பின்னாளில் இக்குழுவைச் சுற்றி உருவான பற்றுக்கு விதை விழுந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். கடையில் கிடைக்காததைத் தேடி வாங்கியவர் அதை ஒரே தடவை கேட்டுவிட்டுத் தூக்கிப்போட மாட்டார். இந்த இசைக்குத் தேவைப்பட்டதும் அந்த இரண்டாம், மூன்றாம் கேட்பு மட்டுமே.

1980இல் குழு கலைந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றில் முரண்கள் நிறைய. டெரெக் ஷுல்மன் இசை நிறுவன அதிகாரியாகிப் பான் ஜோவியை ஒப்பந்தம் செய்தார். அட்கோ நிறுவனத்துக்குத் தலைவரான பிறகு ட்ரீம் தியேட்டரை எடுத்துக்கொண்டார். வானொலிக்கு ஏற்ற பாட்டு எது என்று பிறருக்குச் சொல்லும் நாற்காலியில் 'நாட்ஸ்' பாடியவர் உட்கார்ந்திருந்தார்! ரே தயாரிப்பாளரானார். பியோர்க் பாடிய ஷுகர்க்யூப்ஸின் முதல் ஆல்பத்திலும் த சண்டேஸின் முதல் ஆல்பத்திலும் அவர் கை உண்டு. 2023 மார்ச்சில் அவர் காலமானார். முழுக்குழு மீண்டும் ஒன்றுகூடி மேடையேறவே இல்லை.

மேடையை ரசிகர்களே நிரப்பினார்கள். தொண்ணூறுகளில் ஸ்பாக்ஸ் பியர்ட் குழு 'தாட்ஸ்' (1996) பாட்டில் குரல்களை மாறிமாறிப் பின்னியது நேரான வணக்கம். கேரி கிரீனும் முன்னாள் ட்ரம்மர் மால்கம் மார்ட்டிமோரும் 'த்ரீ ஃப்ரெண்ட்ஸ்' என்ற பெயரிலேயே குழு அமைத்துப் பழைய பாட்டுகளை வாசித்தார்கள். 2020இல் ஊரடங்கில் உலகம் முடங்கிக் கிடந்தபோது, பல நாட்டு ரசிகர்களும் இசைக்கலைஞர்களும் பழைய உறுப்பினர்களும் அவரவர் வீட்டிலிருந்து 'ப்ராக்ளமேஷன்' பாட்டின் ஆளுக்கொரு பகுதியை வாசித்துப் பாடிய காணொளி வந்தது. சிலர் சுதி விலகுகிறார்கள், சிலர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டதுபோல் கிட்டாரைக் கவனமாகப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் வரி எது, அது எங்கே நுழைய வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. குத்துமதிப்பாகக் கூடச்சேர்ந்து பாடிவிடக்கூடிய பாட்டு அல்ல அது, உட்கார்ந்து பயின்றுதான் ஆகவேண்டும்.

இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பழைய பல்தட ஒலிநாடாக்களிலிருந்து செய்த மறுகலவைகள் கேட்பவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. 2014இல் 'த பவர் அண்ட் த க்ளோரி', அடுத்த ஆண்டு 'ஆக்டபஸ்', 2021இல் 'ஃப்ரீ ஹேண்ட்'. முதல் மூன்று ஆல்பங்களின் நாடாக்கள் முழுதாக எஞ்சவில்லை. எனவே மிஞ்சிய பாட்டுகளை மட்டும் சேர்த்து 2017இல் 'த்ரீ பீஸ் சூட்' வந்தது. முன்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த வரிகள் இவற்றில் பிரிந்து தெரிகின்றன.

ரசிகர்களுக்குள் தீராத வழக்கு கடைசி மூன்று ஆல்பங்களைப் பற்றியது. பங்க் அலை அடித்த 1977இல் 'த மிஸ்ஸிங் பீஸ்', மறு ஆண்டு 'ஜயண்ட் ஃபார் எ டே', 1980இல் 'சிவிலியன்'. பாட்டை எளிமையாக்கி வானொலிக்குள் நுழையப் பார்த்த முயற்சிகள் இவை. துரோகம் என்பார் ஒரு சாரார். அந்த ஆல்பங்களும் உரிய மதிப்புக் கிடைக்காதவையே என்று அதே பழைய வாதத்தை இன்னொரு படி ஏற்றுவார் மறுசாரார். 2024இல் 'த மிஸ்ஸிங் பீஸ்'ஸையும் வில்சன் மறுகலவை செய்ததும் வழக்கு மறுபடி சூடுபிடித்தது. அதில் 'மெமரீஸ் ஆஃப் ஓல்ட் டேஸ்' இவர்களின் தலைசிறந்த பாட்டுகளோடு வைக்கத்தக்கது, அக்கூஸ்டிக் கிட்டார்கள் ஏழு நிமிடம் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. 'ஆஸ் ஓல்ட் ஆஸ் யூ'ர் யங்'கும் தேறும். மற்றவை புதிய கலவையில் துலக்கமாகக் கேட்கின்றன, அவ்வளவுதான். 'ஜயண்ட் ஃபார் எ டே'யை யார் வந்து வாதாடினாலும் என்னால் இரண்டாவது பக்கம் வரை கேட்க முடிவதில்லை.