சாவா மூவாக் கிழங்கு: நானே எழுதிய ஒரு கணக்கின் மீது விமர்சனம்

“கணக்குல நூத்தி நாப்பது கிலோ நிக்குது. கொட்டாயில எடை போட்டா நூத்திப்பத்துதான் இருக்குது. மிச்சம் முப்பது கிலோ எங்கடா போச்சு? உன் ஆப்பு தின்னுடுச்சா?”

போன வருஷம் மே மாதம் மூலனூர்ப் பக்கத்திலிருந்து நண்பன் போனில் கேட்டது இது. பி.இ. படிக்கும்போது ஒரே அறை. நான் கம்ப்யூட்டருக்குப் போனேன், அவன் காட்டுக்குத் திரும்பினான். கண்வலிக்கிழங்கு போடுகிறான். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்குதான் அது. மருந்து கம்பெனிகள் வாங்குவது விதையை. கீல்வாத மருந்தான கோல்ச்சிசின் அதிலிருந்து வருகிறது. விதை வருமானம் என்றால் கிழங்கு முதல். புதிதாகப் பயிர் வைப்பவனுக்கு முதல் வருஷச் செலவில் பெரும்பகுதி விதைக்கிழங்குக்கே போய்விடும். அதனால் கிழங்கை விற்பதும் வாங்குவதும் கடன் கொடுப்பதும் அங்கே தனி வியாபாரம். அதற்கு ஒரு இருப்புக் கணக்கு செய்து தரச்சொல்லிக் கேட்டான். தெள்ளாற்றில் உட்கார்ந்துகொண்டு இரண்டே சனிக்கிழமைகளில் முடித்துக் கொடுத்தேன். அந்தக் கணக்கு ஏன் தோற்றது என்பதுதான் இந்தக் குறிப்பு. கல்வெட்டுக்காக இங்கே வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதுவும் வரும்.

எங்கிருந்து எடுத்தேன்

முன்மாதிரி தேடினேன். கிழங்கு இருப்பைக் கணக்கு வைப்பதில் அதிகம் மெனக்கெட்டவர்கள் டேலியா வளர்ப்பவர்கள். நம்மூரில் ஊட்டி மலர்க் கண்காட்சியில் தொட்டிகளில் பார்த்திருப்பீர்கள், அதே பூதான். அமெரிக்காவில் சின்னத் தோட்டக்காரர்கள்கூட நூற்றுக்கணக்கான ரகங்களின் கிழங்குகளை விற்கிறார்கள், தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். எக்செலில் ஒரு வரிக்கு ஒரு ரகம். பெயர், பூவின் வடிவம், அளவு, நிறம், எங்கே வாங்கியது, எத்தனை கிழங்கு, என்ன விலை. அளவுக்குக்கூடக் குறியீடு உண்டு. ‘ஏஏ’ என்றால் பத்து அங்குலத்துக்கு மேல், ‘ஏ’ என்றால் எட்டிலிருந்து பத்து.

இந்த அட்டவணையில் பாராட்ட வேண்டியது, பெயர் விஷயத்தில் அவர்கள் காட்டும் கறார். டேலியா ரகம் என்பது ஒரே செடியின் பிரதிகள். கிழங்கைப் பிரித்தோ தண்டு வெட்டி வைத்தோதான் அதே ரகம் வரும், விதை போட்டால் வேறு பூ வந்து நிற்கும். கிழங்கைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது. பெயர்ச்சீட்டு மாறினால் பூக்கும்வரை யாருக்கும் தெரியாது, அதற்குள் காசு கைமாறி மாதங்கள் ஆகியிருக்கும். அதனால்தான் சிலர் கிழங்கின் மேலேயே பென்சிலால் பெயர் எழுதி வைக்கிறார்கள். பெயர்களைப் பதிவு செய்ய உலகம் முழுதுக்கும் ஒரே பதிவாளர், லண்டனிலுள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம். புரோகிராமர் பாஷையில் சொன்னால் அவர்களிடம் நல்ல பிரைமரி கீ இருக்கிறது.

பலவீனம், ‘எத்தனை’ என்ற அந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது.

எத்தனை என்றால் எதை?

உறைபனி விழுந்ததும் தோண்டும்போது டேலியா கொத்தாக வரும். ஒரு கொத்தில் பல கிழங்குகள். ஆனால் கண் இருப்பது தண்டு சேரும் கழுத்துப் பகுதியில் மட்டும்தான். கழுத்தோடு கண் வராத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. கொத்தை எண்ணினால் ஒரு கணக்கு, கிழங்கை எண்ணினால் இன்னொன்று, கண்ணுள்ள கிழங்கை எண்ணினால் மூன்றாவது. மூன்றும் அதே கட்டத்தில்தான் போய் உட்காருகின்றன. குளிர்காலத்தில் சில அழுகும், சில சுருங்கும். நவம்பரில் எழுதிய எண்ணை நம்பி ஜனவரியில் விற்றுவிட்டு, ஏப்ரலில் பெட்டியைத் திறந்து பார்த்துக் கையைப் பிசைவது இதனால்தான். அனுபவசாலிகள் ஒரு பங்கை விற்காமல் ஒதுக்குகிறார்கள். ஆனால் எதற்காக ஒதுக்கினோம், போன வருஷம் எத்தனை போனது என்பதை அட்டவணை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பழைய எண்ணை அழித்துப் புது எண்ணைப் போடுகிறோம். அழிந்ததோடு காரணமும் அழிந்துவிடுகிறது.

இதே கட்டத்தைத்தான் நான் காப்பி அடித்தேன். எண்ணிக்கைக்குப் பதில் கிலோ. அவ்வளவுதான் வித்தியாசம்!

கண்வலிக்கிழங்கு இன்னும் சிக்கலானது. கலப்பை மாதிரி இரண்டாகக் கவைத்திருக்கும், அதனால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். முளை இருப்பது கவையின் நுனிகளில். நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் செத்தது. ஒடிந்த கிழங்கும் தராசில் அதே எடைதான் காட்டும். மூட்டையில் கிடக்கக் கிடக்க ஈரம் வற்றி எடை குறையும். நண்பன் கேட்ட முப்பது கிலோவில் பெரும்பங்கு காற்றில் போனது, மிச்சம் அழுகலில் போனது. எது எவ்வளவு என்று என் கணக்கைக் கேட்டால் பதில் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த நூற்றுப்பத்தில் அறுபது கிலோவைப் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் வாங்கினார், நகையை அடகு வைத்து. ஆடியில் நட்டதில் பாதிக்குப் பாதி முளைக்கவில்லை. எந்த வயலில் எடுத்த கிழங்கு, யார் தோண்டியது, நுனி பார்த்துப் பிரித்ததா இல்லையா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் அட்டவணையில் ‘விதைக்கிழங்கு, 60 கிலோ’ என்று மட்டும் இருந்தது.

பட்டுக் கணக்கும் ஆட்டுக் கணக்கும்

எங்கள் பக்கம் ஆரணித் தறிக்காரர்களிடம் இருக்கும் நோட்டு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார், சேலை வந்ததும் எடை போட்டு வாங்குவார், கழிவு போக நேராகிவிடும். பட்டு தானாகக் குட்டி போடாது, சாகாது. கொடுத்தது, வந்தது, மிச்சம் என்ற மூன்று கட்டமே அதற்குப் போதும். என் மண்டைக்குள் இருந்தது அந்த நோட்டுதான் என்று இப்போது புரிகிறது. உயிருள்ள சரக்கை அதில் எழுதப் பார்த்தேன்.

உயிருள்ள சரக்கை எழுதி வைத்தவர்கள் நம்மிடம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள். தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகளைத் தேடிப் போகும்போதெல்லாம் வழியில் இடறும் ஒரு தொடர் ‘சாவா மூவாப் பேராடு’. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய ஆடு விடுவார்கள், சோழர் காலத்தில் பெரும்பாலும் 96. ஆடு இடையர் கையில், நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை என்று மாற்றுக் கணக்கே இருந்தது.

ஆடு சாகும், கிழடாகும். எழுதியவர்களுக்கு அது தெரியாதா? செத்ததைக் குட்டியால் ஈடுகட்டி 96 என்பதை நிறுத்துவது இடையர் பொறுப்பு. அதைத்தான் ‘சாவா மூவா’ என்ற இரண்டு சொல்லில் அடக்கினார்கள். கண்வலிக்கிழங்கும் அப்படியே. நட்ட கிழங்கு அந்தப் பருவத்திலேயே சுருங்கித் தீர்ந்துவிடும், அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகும். இந்த வருஷ மூட்டையில் இருப்பது போன வருஷக் கிழங்கே கிடையாது.

இந்தக் கல்வெட்டுக் கணக்கை அப்படியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. கோயில் கேட்டது நெய்யை. எந்த ஆடு, என்ன நோய் என்பது அதற்குத் தேவைப்படவில்லை. தொத்து நோய் வந்து பாதி மந்தை போனாலும் உழக்கு உழக்குதான். இழப்பு முழுக்க இடையர் தலையில். கல்லில் வெட்டப்படாத இழப்பு அது, நாம் வாசிப்பதே இல்லை.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. என் அட்டவணையும் இழப்பை எழுதவில்லை. எழுதாத இழப்பு மறைந்துபோவதில்லை, யார் தலையிலாவது போய் விழுகிறது. அங்கே இடையர் மேல் விழுந்தது. இங்கே நகையை அடகு வைத்து வாங்கியவர் மேல்.

இப்போது எப்படி

இருப்பு என்ற கட்டத்தையே எடுத்துவிட்டேன். பேங்க் பாஸ்புக் மாதிரி நடந்ததை மட்டும் எழுதுகிறோம், இருப்பை அது கூட்டிக் காட்டும். பழைய வரியை யாரும் அழிக்க முடியாது, தப்பு என்றால் திருத்தம் என்று புது வரி போட வேண்டும். ஒரு வயலில் ஒரு நாள் தோண்டியது ஒரு குவியல், அதற்கு ஒரு எண். சாக்கின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. வெளிச்சீட்டில் ‘விஷக்கிழங்கு’ என்பதும் உண்டு, பிள்ளைகள் இருக்கும் வீடு. தோண்டியது, நுனி பார்த்துப் பிரித்தது, அழுகி எறிந்தது, மறு எடை, விற்றது, நட்டது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, செய்தவர் பெயரோடு. விற்கும் அன்று எடுத்த எடையே எடை. நுனி நல்லது எத்தனை என்று ஒரு கிலோவுக்கு எண்ணி வாங்குகிறவர் முன்னாலேயே எழுதுகிறான்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர் சொன்னால்தான் நுனி ஒடிந்தது தெரியும், சொன்னால் கூலி பிடிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. அதை எந்த டேட்டாபேஸும் சரிசெய்யாது. பிடிக்க மாட்டேன் என்று நண்பன் வாயால் சொன்ன பிறகுதான் ‘ஒடிந்தது’ என்ற வரிகள் விழ ஆரம்பித்தன.

பக்கத்துக் காட்டுக்காரருக்கு இந்த ஆனியில் முப்பது கிலோ மாற்றுக் கிழங்கு கொடுத்தான், காசு வாங்கவில்லை. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று போன் பண்ணினான். விற்பனையா, இனாமா என்று கேட்டான்.

“போன வருஷ இழப்புன்னு எழுதுடா” என்றேன்.