கை இருக்கிறதே, போதாதா?

அக்டோபர் வந்தால் டிஸ்லெக்சியா விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் ஐன்ஸ்டீன், எடிசன், டா வின்சி மூவரும் தவறாமல் ஆஜராகிவிடுகிறார்கள். இவர்களுக்குக் கற்றல் குறைபாடு இருந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. சுவரொட்டி அடிப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதும் கிடையாது. காஞ்சிபுரத்தில் இதற்கு உள்ளூர்ப் பதிப்பு ஒன்று உண்டு: “படிப்பு ஏறாவிட்டால் என்ன, கை இருக்கிறதே!” பள்ளி ஆண்டுவிழா மேடையிலும் கேட்கலாம், பிள்ளையார்பாளையத்துத் திண்ணையிலும் கேட்கலாம். ஓவியமோ சிலம்பமோ தறியோ, ஏதாவதொன்றில் பையன் ஒளிர்வான், வாசி வாசி என்று அவனைப் பிடுங்காதீர்கள் என்பது இதன் சாரம்.

இதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘மக்கு’ என்ற பட்டத்திலிருந்தும் பிரம்பிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகளை இந்தப் பேச்சு காப்பாற்றியிருக்கிறது. 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகளின் உழைப்பால்தான் இந்தக் குறைபாட்டுக்கு ஒரு பெயராவது ஊருக்குத் தெரிந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம் எல்லாம் நியாயமானவை. யாரும் அவற்றைப் பறிக்க வேண்டாம்.

என் மறுப்பு ஒன்றுதான், அது பழையதும்கூட. திறமையைத் தேடும் இந்தப் பரபரப்பில் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தர வேண்டியவர் சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறார்.

2007இல் வந்த ஆமிர் கானின் ‘தாரே ஜமீன் பர்’ படத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் அந்தச் சிறுவனுக்கு மணலிலும் களிமண்ணிலும் எழுத்துக் கற்றுத்தரும் பகுதி சில நிமிடங்களில் ஓடி முடிந்துவிடும். உச்சக்காட்சியோ ஓவியப் போட்டிப் பரிசு. மக்கள் மனதில் தங்கியதும் பரிசுதான். அவனுக்கு ஓவியமும் வராமலிருந்தால்? அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கதையில் இடமில்லை. இன்றைய விழிப்புணர்வு மேடைகளிலும் இல்லை. (மணலில் விரலால் எழுதவைப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பழக்கம்தான். அதை இந்திப் படத்தில் பார்த்துத்தான் வியக்க வேண்டியிருந்தது.)

தமிழ் உச்சரிப்பதுபோலவே எழுதப்படும் மொழி, இங்கே இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது என்று நம்பும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘கொக்கு’ என்ற சொல்லில் விரல் வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். ஓர் ஒலியை மூன்று இடத்திலிருந்து கண் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். பிள்ளை ‘கெ’ என்று தொடங்கும், காலைப் பார்த்ததும் நிற்கும், ‘கா’ என்று மாற்றும், பிறகு நம் முகத்தைப் பார்க்கும். ‘காகம்’ என்பதில் இரண்டு ககரமும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. வீட்டில் ‘வந்துட்டான்’ என்று கேட்டது புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்று இருக்கிறது. ஜெர்மன், இத்தாலியன்போல எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழிகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாகவே அதிகம் வெளிப்படும். தமிழிலும் அத்தகைய பிள்ளை எழுத்தெழுத்தாகச் சரியாகச் சொல்லி, வரி முடியும்போது அதன் தொடக்கத்தை மறந்திருக்கும். “வாசிக்கிறான், கொஞ்சம் மெதுவு” என்று ஆசிரியர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்.

இதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் அதில் கவர்ச்சி இல்லை. ஒலியைப் பிரித்து, எழுத்தோடு சேர்த்து, வரிசை மாறாமல், சிறு குழுவில், தினமும் சொல்லித்தர வேண்டும். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது இந்தத் திசையில் ஒரு நல்ல அடி. ஆனால் அரும்பிலேயே தங்கிவிடும் பிள்ளைக்கு அதே பாடத்தை மறுபடி நடத்துவதால் ஒன்றும் ஆகாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றும் சிறப்புப் பயிற்றுநர் எத்தனை பிள்ளைகளோடுதான் தினமும் உட்கார முடியும்? கண்டறியும் கருவிகளிலும் இதே கதைதான். மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் ‘டாலி’ என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டபோது அது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் இருந்தது. அப்போது அதில் தமிழ் இல்லை.

இனி, கைக்கு வருவோம். தறியில் வாசிப்புக்கு வேலையில்லை என்பவர்கள் நெசவாளியின் கணக்கு நோட்டைப் பார்த்ததில்லை. பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுக்கப்படும். சேலையாகத் திரும்பும்போது மறுபடி எடை பார்க்கப்படும். குறைந்தால் கூலியில் பிடித்தம். முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, எல்லாம் அந்த நோட்டில். எழுதுவது முதலாளி, கையெழுத்துப் போடுவது நெசவாளி. வாசிக்கத் தெரியாத கை அங்கே எதற்குக் கையெழுத்துப் போடுகிறது?

கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு, நெசவாளியின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இடத்தில் பல்லாண்டுகள் சிறுவர்களே உட்கார்ந்தார்கள். அவர்களின் கைத்திறனை யாரும் சோதித்து உட்காரவைக்கவில்லை. பெரியவருக்குக் கூலி கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். அந்த வரலாறு உள்ள ஊரில் “கை இருக்கிறதே” என்பதை நான் வாழ்த்தாக எடுத்துக்கொள்ள முடியாது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போக, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள். இங்கே தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நெசவாளர்களோ தம் பிள்ளைகளை ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தறியைப் புகழ்பவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளையை அதில் உட்காரவைத்தார்கள்?

அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 16ஆம் பிரிவில், கற்றல் குறைபாட்டை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிந்து அதைக் கடக்க ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாளும் கடமையைப் பள்ளிகள்மேல் வைக்கிறது. நடைமுறையில் பெற்றோர் ஓடுவது சான்றிதழுக்கு, அதுவும் பெரும்பாலும் பொதுத்தேர்வு நெருங்கும்போது. ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதல் எட்டு வயதிலேயே சான்று பெற வழி செய்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை. அந்தப் பரிசோதனை குறைபாடு இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இருந்தால் சலுகை தொடரும். எட்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தந்தது யார், எத்தனை மணி நேரம் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.