பெட்டி பச்சை காட்டினால் போதுமா?

என் மச்சானுக்குக் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பத்து வீல் லாரி இருக்கிறது. அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கடையம், தென்காசி, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போய்வரும். அறுவடை நேரத்தில் நெல் இழுக்க ஒரு டிராக்டரும் நாலு வீல் டிரெய்லரும் உண்டு. போன பிசான அறுவடை முடிந்த கையோடு, லாரியின் பின்பக்கத்து உள் டயர் ஒன்று கடையம் தாண்டி வெடித்தது. போகிற போக்கில் பக்கத்து டயரையும் கிழித்துவிட்டது. "டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு காட்டுத மிஷின் விக்காம்லா, எது தேறும்னு நீயே பாத்துச் சொல்லு" என்று மச்சான் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். இரண்டு வகைக் கருவிகளை வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம்.

முதலில், இந்தக் கருவி எதற்கு? லாரி ஓட்டுநர்கள் டயரை இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைக் கணிப்பார்கள். முழுக்க இறங்கிப்போன டயரை அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 110 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 88தான் இருக்கிறது என்பது எந்தக் காதுக்கும் எட்டாது. டயர்த் தொழிலிலோ, 20 சதவீதம் குறைந்தாலே அதைக் காற்றில்லாமல் ஓடிய டயர் என்றுதான் கணக்கு வைப்பார்கள். ஜோடி டயரில் இது இன்னும் மோசம். உள் டயர் காற்று இழந்தாலும் வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வண்டி சாயாது; பார்க்கிறவருக்கும் எதுவும் தெரியாது. கருவிக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் அந்த உள் டயருக்காகத்தான்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார், ரிம்முக்குள் பட்டை கட்டிப் பொருத்தும் சென்சார், செல்போன் ஆப்போடு இணையும் புளூடூத் சென்சார். ரிம்முக்குள் வைப்பதுதான் வெப்பத்தைச் சரியாகச் சொல்லும். திருட்டுப் பயமும் கிடையாது. ஆனால் அது டியூப்லெஸ் டயருக்கு மட்டுமே. எங்கள் லாரியும் டிரெய்லரும் டியூப் போட்டு ஓடுபவை. அதனால் அந்த வகையைப் பார்த்ததோடு சரி.

செல்போன் வகையை நான்கே நாளில் கழற்றிவிட்டோம். காருக்கு அது போதும். லாரியின் கடைசி அச்சுக்கும் கேபினுக்கும் இடையே இருக்கும் தூரத்தையும், நடுவில் கிடக்கும் இரும்பையும் புளூடூத்தால் தாண்ட முடியவில்லை. போதாக்குறைக்கு, ஓட்டுநருக்கு அழைப்பு வந்தால் ஆப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.

மிஞ்சியது வால்வில் திருகும் வகை. சென்சார்கள் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். கேபினில் தனிப்பெட்டி காட்டும். இதிலும் பின்பக்கத்து உள் டயர் ஒன்று அடிக்கடி காணாமல் போனது. சேசிஸ் நடுவில், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் மாட்டிய பிறகே ஒழுங்கானது. நீள வண்டிக்கு வாங்குகிறவர்கள் ரிப்பீட்டர் இல்லாத பெட்டியைத் தொட வேண்டாம். லாரி 24 வோல்ட், டிராக்டர் 12 வோல்ட். இரண்டிலும் ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்துவதில்தான் பாதி வேலை. உள் டயர் வால்வு எட்டாது என்று நீட்டுக் குழாய் போட்டால், கூடும் ஒவ்வொரு இணைப்பும் காற்று கசிய ஒரு வழி. சென்சாரைத் திருகியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ரப்பர் வால்வில் இதை மாட்டாதீர்கள். சக்கரம் சுற்றும் வேகத்தில் சென்சாரின் எடையே வால்வின் அடியை வெடிக்க வைத்துவிடும்.

எச்சரிக்கை அளவை வைப்பதில் நானே ஒரு தப்புச் செய்தேன். காலையில் குளிர்ந்த டயரில் 110 இருந்தது. மேல் எல்லையை 120 என்று வைத்துவிட்டேன். தென்காசி தாண்டுமுன் பெட்டி அலற ஆரம்பித்தது. 28 டிகிரியில் 110 காட்டும் டயர், உள்காற்று 60 டிகிரிக்குச் சூடானால் 123 காட்டும். அது இயற்கை. பயந்து காற்றைத் திறந்துவிட்டால், ஆறிய பிறகு டயர் குறைகாற்றில் நிற்கும். மேல் எல்லையைக் குளிர்ந்த அளவைவிட 25 சதவீதம் கூட்டி வைத்த பிறகு அமைதி. ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவு வழியே இறங்கும்போது பிரேக் டிரம் சூட்டில் எண் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். வெப்ப அளவை மட்டும் நம்பவில்லை. வெளியே நிற்கும் சென்சார் மேல் காற்று அடித்துக் குளிர்வதால் அது குறைத்தே சொல்கிறது.

டிராக்டரின் பெரிய சக்கரங்களை விட்டுவிட்டோம். தொளி வயலில் பிடிப்பு வேண்டுமென்று அவற்றில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறோம். வால்வுக்குத் தண்ணீர் வந்தால் சென்சார் பாழ். டிரெய்லரின் நாலு சக்கரத்துக்கு மட்டும் மாட்டினோம். அங்கேதான் முக்கியமான பாடம் கிடைத்தது.

ஒரு சாயங்காலம் கன்னடியன் கால்வாய்க் கரைக் களத்தில் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு டிராக்டர் வீடு வந்து சேர்ந்தது. வாசலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் டிரெய்லரின் நாலு டயரும் பச்சை! டிரெய்லரோ அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார் விட்டு விட்டுத்தான் பேசும். இடைப்பட்ட நேரத்தில் பெட்டி கடைசியாகக் கேட்டதையே காட்டும். அதில் தப்பில்லை. எவ்வளவு நேரம் கேட்காமல் போனால் "தெரியவில்லை" என்று ஒத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் பெட்டி இரவு வரை ஒத்துக்கொள்ளவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிக்னல் அற்றதும் எண்ணை அழித்துக் கோடு காட்டுகிற வேறொன்றை வாங்கினோம். டிரெய்லரை மாற்றினால் சென்சார் பட்டியலையும் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய லாரி, பேருந்து, கனரக டிரெய்லர்களுக்கும் இந்தக் கருவி கட்டாயம். நம் நாட்டில் 2020இல் வந்த விதி, 3.5 டன் வரையுள்ள பயணிகள் வண்டியில் இந்தக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்கிறது. நெல் இழுக்கிற டிரெய்லரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆகவே கடைக்காரரிடம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது பெட்டி போன வாரம் லாரியின் உள் டயர் ஒன்றில் 96 காட்டியது. ஓட்டுநர் இறங்கிக் கம்பியால் தட்டினார். சத்தம் கணீரென்றுதான் இருந்தது. பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றியபோது டியூபில் ஒரு லாடத்து ஆணி. "கம்பிக்குத் தெரியாதது இதுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றவர், கம்பியைப் பழையபடி சீட்டுக்கு அடியில் வைத்தார்: "தெரியலன்னு கோடு போடும்லா, அப்ப வேணும்."