‘கூலி’, ‘கடத்தல்காரர்’, ‘மோதல்’: சேசாசலக் காட்டுச் சாவுகளும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

2015 ஏப்ரல் 7 அன்று, அன்றைய சித்தூர் மாவட்டத்துச் சந்திரகிரியை அடுத்த சேசாசலக் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினரால் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். (2022இல் நிகழ்ந்த மாவட்டப் பிரிப்பிற்குப்பின் அப்பகுதி திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது.) இறந்தவருள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து மரம் வெட்டும் வேலைக்குச் சென்றோர். கற்களாலும் அரிவாள்களாலும் தாக்கப்பட்டதால் தற்காப்பிற்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டவர்களே கொல்லப்பட்டனர் என உயிர்தப்பியோர் தேசிய மனித உரிமை ஆணையத்தின்முன் சாட்சியமளித்தனர். இந்நிகழ்ச்சி தெலுங்கு, ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் ஒரே நாளில் செய்தியாயிற்று. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் (இதனைப் ‘புலனம்’ என்பாரும் உளர்) படங்களோடு பரவியது. அவ்வேகத்தில் சொற்கள் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்கு ஆராயப்படாமல் கடந்துவந்தன. அவற்றுள் சிலவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது ‘கூலி’. தமிழில் இதன் முதற்பொருள் உழைப்பிற்கான ஊதியம். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் மெய்வருத்தத்திற்கு ஈடாகக் கிடைப்பதென்னும் பொருளிலேயே இச்சொல் ஆளப்பட்டுள்ளது. உழைப்பவரைச் சுட்டவேண்டின் ‘கூலியாள்’, ‘கூலிக்காரர்’ என ஓர் ஒட்டோ ஒரு சொல்லோ வேண்டும். தெலுங்கிலோ ஈற்றுயிர் நீண்டு, ‘கூலீ’ என ஆளையே குறிக்கும், பன்மை ‘கூலீலு’. அது அங்கு இயல்பான தொழிற்பெயர், இழிவுக்குறிப்பு ஏதுமில்லை. இதனை அப்படியே ‘தமிழ்க் கூலிகள்’ எனப் பெயர்க்கும்போது, தமிழ் வாசகனுக்குத் தோட்டக்காட்டு ஒப்பந்த முறையின் நினைவும், ‘கூலிப்படை’ என்னும் தொடரின் நிழலும் சேர்ந்தே தோன்றுகின்றன. எழுத்தொப்புமையே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றும் இடம் இது. ‘மரம் வெட்டும் தொழிலாளர்’ என்பது நீளமாயினும் பொருந்தும்.

‘கடத்தல்காரர்’ என்பதில் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘கட’ என்னும் தன்வினையின் பிறவினையே ‘கடத்து’. எல்லையையோ காவலையோ கடக்கச் செய்பவர் கடத்தல்காரர். செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம், அழிநிலை உயிரினங்களுக்கான ‘சைட்டீஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மரத்தை வெட்டுவோர், சுமப்போர், தரகர், வண்டியோட்டுவோர், துறைமுகம்வரை கொண்டுசேர்ப்போர், வெளிநாட்டிற்கு விற்போர் எனப் படிகள் பல. முதற்படியில் நிற்போருக்கு இறுதிப்படியின் பெயரைச் சூட்டுவது பிழை. ‘-காரர்’ என்னும் விகுதி ஒருநாள் வேலையை நிலையான தொழிலாகவும் ஆக்கிவிடுகிறது. 2021இல் சித்தூர் வட்டாரத் தெலுங்கு பேசி வந்த ‘புஷ்பா’ திரைப்படம்கூடக் கூலியையும் அவனுக்கு மேலுள்ள வணிகக் கூட்டத்தையும் வேறுபடுத்திக் காட்டிற்று. செய்தித் தமிழுக்கு அவ்வளவு நுட்பமும் வாய்க்கவில்லை. காட்டுக் காவலர்களுக்கும் இத்தொழிலால் இழப்பு நேர்ந்ததுண்டு. 2013 டிசம்பரில் வனத்துறையினர் இருவர் அதே காட்டில் கொல்லப்பட்டனர். அதனைக் கூறுவதற்கும் துல்லியமான சொல்லே தேவை.

மூன்றாவது ‘மோதல்’. ஆங்கில ‘என்கவுன்டர்’ என்பதற்கு நாளேடுகள் வழங்கிய ஈடு இது. ‘காவல்துறையினருடன் ஏற்பட்ட மோதலில் இறந்தனர்’ என்னும் வாக்கியத்தில் ‘உடன்’ உருபு இருதரப்பையும் சம வினைமுதல்களாக்குகிறது. ‘இறந்தனர்’ என்னும் வினை கொன்றவரை மறைக்கிறது. பேச்சுத்தமிழ் இதனினும் நேர்மையானது என்பது என் கருத்து. ‘அவனை என்கவுன்டர் பண்ணிட்டாங்க’ என்பதில் கடன்சொல் செயப்படுபொருள் குன்றாவினையாகிவிட்டது. இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற ‘அவனை’ என்பது வினைக்கு உட்பட்டவன் எவன் என்று ஐயமின்றிச் சொல்கிறது. இருதரப்பு நிகழ்ச்சி என்னும் மூலப்பொருளை மக்கள் வழக்கு எப்பொழுதோ கைவிட்டுவிட்டது; எழுத்துத் தமிழ்தான் இன்னும் அதனைக் காத்துவருகிறது.

இயக்கத்தார் எழுதிய ‘போலி மோதல்’, ‘படுகொலை’ என்பனவும் ஆய்விற்கு அப்பாற்பட்டவை அல்ல. ‘போலி’ என்னும் அடை, உண்மை மோதல் என ஒன்று வழக்கமாக நிகழ்வதை உடன்பட்டுக்கொண்டே மறுக்கிறது. ‘படுகொலை’ விசாரணையின் முடிவை முன்னரே கூறிவிடுகிறது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் நேரும் ஒவ்வொரு சாவும் தனித்து விசாரிக்கப்பட வேண்டுமென 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. விசாரணைக்கு முன்னர் எழுதுவோருக்குச் ‘சுட்டுக்கொல்லப்பட்டனர்’ என்பதே தக்க சொல். இருதரப்பும் மறுக்காத செயலை அது கூறுகிறது, மறுக்கப்படும் காரணத்தைத் திறந்துவைக்கிறது.

இறந்தோரை எப்பெயரால் அழைப்பது என்பதும் எளிதன்று. ‘தமிழர்’ என்றதும் இது இரு மாநிலங்களின் வழக்காயிற்று. ‘தொழிலாளர்’ என்றவர் வறுமையையும் வேலையின்மையையும் பேசினர். ‘பழங்குடியினர்’ என்னும் சொல்லே சட்டப் பாதுகாப்பைக் கோரும் வலிமையுடையது. ஆயினும் அதுவே குறைவாக ஒலித்தது. சவ்வாதுமலை, சித்தேரிமலைப் பழங்குடியினர் பலர் தம்மை ‘மலையாளி’ என்பர். மலையை ஆள்பவர் என்பது பொருள். அயல்மொழிக்குப் பெயர்ப்போர் இதனைக் கேரளத்தவர் எனக் கொண்டுவிட இடமுண்டு.

சமூக ஊடகத்தின் இலக்கண எல்லையையும் சுட்டவேண்டும். ஹேஷ்டேக் என்பது மாறாத வடிவத்தை வேண்டுவது. தமிழ்ப் பெயரோ உருபேற்கையில் மாறும்: சேசாசலம், சேசாசலத்தில், சேசாசலத்திற்கு. ஒவ்வொன்றும் கணினிக்கு வேறுவேறு சொல். 2020இல் சாத்தான்குளம் தந்தை-மகன் காவல்மரணத்தின்போது ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் பெயர்கள் ஆங்கில வாய்பாட்டில் உலகெங்கும் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். சேசாசலத்தில் இறந்தோரின் பெயர்கள் அவ்வாறு பரவவில்லை. ‘20 பேர்’ என்னும் எண்ணே அவர்களுக்குப் பெயராக நின்றது.

இறுதியாகச் சாட்சிய மொழிபெயர்ப்பு. பேச்சுத்தமிழில் ‘புடிச்சிட்டுப் போனாங்க’ என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். இதனைக் ‘கைது’ எனப் பெயர்த்தால் சட்ட நடைமுறை நிகழ்ந்ததாக ஆகும். ‘அழைத்துச் சென்றனர்’ என்றால் வற்புறுத்தல் மறையும். ‘கடத்தினர்’ என்றால் குற்றச்சாட்டாகும். இறந்தவர்மேல் சுமத்தப்பட்ட குற்றத்திற்கும் தமிழ் வைத்திருக்கும் சொல் அதுவே.