கொதிப்பு என்று யார் சொன்னது?

"எனக்குக் கோவமே வராதேப்பா, அப்புறம் எப்படிப் பிரஷர் வரும்?"

தேக்கா உணவங்காடியில் பெரியப்பா என்னிடம் இதைக் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. கையில் தே ஓ கோசோங். சீனி கூடாது என்று யாரோ சொன்னதால் சீனியை விட்டிருந்தார். முன்னால் உப்புத் தூக்கலாக ஒரு கிண்ணம் ஆட்டுச் சூப். பாலிகிளினிக்கில் கொடுத்த அம்லோடிபின் மாத்திரையை நிறுத்தி எட்டு மாசம். தலை சுற்றலில்லை, படபடப்பில்லை, யாரோடும் சண்டையில்லை. பின்னே எதற்கு மாத்திரை?

அவரைப் படிக்காதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழை நம்பியவர், அவ்வளவுதான். நம் மொழி இந்த நோய்க்கு வைத்த பெயர் 'இரத்தக் கொதிப்பு'. கொதித்தால் ஆவி வரும், சத்தம் வரும், மூடி ஆடும். எதுவும் ஆடவில்லையென்றால் அடுப்பு அணைந்துவிட்டது என்றுதானே எவரும் நினைப்பார்? ஒரு சொல்லை விமர்சனம் செய்ய வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். நல்ல உருவகம், ஆனால் தப்பான நோய்க்கு ஒட்டியிருக்கிறது.

சிங்கப்பூர்ச் சுவரொட்டிகளில் இருப்பது 'உயர் இரத்த அழுத்தம்'. சரியான சொல். ஆனால் அதற்கும் 'மன அழுத்தம்' என்று ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஆங்கிலத்தின் 'ஹைப்பர்டென்ஷன்' இங்கே வந்து சேரும்போது நம்மூர் 'டென்ஷன்' ஆகிவிடுகிறது. எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே கோபமோ கவலையோ உட்கார்ந்திருக்கிறது. சூசன் சோன்டாக் 1978இல் காசநோயையும் புற்றுநோயையும் சுற்றியிருந்த உருவகங்களைக் களையச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு யாரும் அந்த வேலையைச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. பெயரே உருவகமாக இருக்கும்போது எதைக் களைவது?

அளவீட்டின் கதையைப் படித்தால் இந்தக் குழப்பம் கொஞ்சம் தெளியும். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், கட்டிப்போட்ட ஒரு பெட்டைக் குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு கண்ணாடிக் குழாயை இணைத்து, இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதை எழுதி வைத்தார். குரூரமான பக்கம்தான். ஆனாலும் அதில் கோபம் என்ற பேச்சில்லை, உயரம் மட்டும்தான். 1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி மைக்கூடு, சைக்கிள் ட்யூப், பாதரசம் என்று கையில் கிடைத்ததை வைத்துக் கைப்பட்டைக் கருவியைச் செய்தார். (மைக்கூடு! எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.) 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே தமனியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஒலி பிறக்கும் இடமும் மறையும் இடமும்தான் மேல் எண்ணும் கீழ் எண்ணும் என்றார். அவருடைய அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. நம்மில் பலர் முன்னுரையே அதைவிட நீளமாக எழுதுகிறோம்.

இவர்கள் தேடி அளந்ததெல்லாம் ஆள் தானாக உணர முடியாத ஒன்றை. கருவி தேவைப்பட்டதே அதனால்தான்.

ஆனால் என் வாதத்துக்கு எதிரான சாட்சியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சர்ப்பகந்தா வேர். 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதை மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் சேர்த்தே எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதிய பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரிசர்ப்பினைப் பிரித்தெடுத்தது. அது அழுத்தத்தையும் குறைத்தது, ஆளையும் அமைதியாக்கியது. சிலரை மீளாத சோர்விலும் தள்ளியதாகச் சொன்னார்கள். கொதிப்பும் கோபமும் ஒன்றே என்று நம்பியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடைத்திருக்காது.

அந்த முடிச்சை அவிழ்த்தது உப்பு. 1950களின் கடைசியில் வந்த தயசைடு மாத்திரைகள், சிறுநீரகம் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றியே அழுத்தத்தைக் குறைத்தன. மனசைத் தொடவே இல்லை. 1967இல் எட்வர்ட் ஃபிரைஸ் குழு அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 143 பேரிடம் நடத்திய சோதனையில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. அந்த மருந்துக் கூட்டில் தயசைடோடு ரிசர்ப்பினும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் வேர் அவ்வளவு சுலபமாக விட்டுப்போகவில்லை.

இனி நம் கதைகளுக்கு வருவோம். தமிழ் சினிமாவில் அப்பாவுக்குச் செய்தி வரும். நெஞ்சைப் பிடிப்பார். சரிவார். சிறுகதைகளிலும் ஏறக்குறைய இதே நாடகம்தான். உடம்பு எப்போதும் சம்பவமாகவே வருகிறது. இருபது வருஷம் தினமும் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை விழுங்கும் ஆளை எங்கே பார்த்தோம்? எதுவும் நடக்காமல் இருப்பதற்காக ஒருவர் தினமும் ஒன்றைச் செய்கிறார் என்பதைக் கதையாக்கத் தெரியவில்லை நமக்கு. இது வடிவத்தின் பிரச்சினை, மருத்துவத்துடையது அல்ல. சிங்கப்பூரில் 18 முதல் 74 வயதுக்காரர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2021-22 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. சிராங்கூன் சாலையை மையமாக வைத்து இவ்வளவு எழுதும் நாம், அந்தச் சாலையில் நடப்பவர்களின் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை அட்டையைப் பார்க்கவில்லை.

சொல் ஒன்று வேண்டுமென்றால் தமிழில் இருக்கிறது. 'அழுத்தக்காரன்' என்போம் இல்லையா? உள்ளே என்ன நடந்தாலும் முகத்தில் காட்டாதவன். சத்தம் போடமாட்டான், வேலையை முடித்துவிட்டுப் போவான். 'கொதிப்பு' சொல்லாததை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது.

பெரியப்பாவுக்கு அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தைய வாரம் பக்கவாதம் வந்தது. அப்போதும் யாரும் அவரைத் திட்டவில்லை, அவரும் யாரையும் திட்டவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம். இப்போது பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. போன ஞாயிறு வீட்டில் கைப்பட்டையை மாட்டிவிட்டு, அளக்கும்போது பேசக்கூடாது என்றேன். வலது கையை மேசைமேல் வைத்து வாயை மூடிக்கொண்டார். எண் வந்த பிறகு எட்டிப் பார்த்து, "கோவமாடா இருக்கேன்?" என்றார்.