தூக்கும் கையால் தள்ளும் வேலை

வடஅமெரிக்காவில் பேரேரிகளை ஒட்டிய ஊர்களில் ஒரே நாளில் இடுப்பளவு பனி குவிந்துவிடும். குளிர்காற்று இன்னும் உறையாத ஏரியைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. 2022 நவம்பரில், பஃபலோவுக்குத் தெற்கே உள்ள ஆர்ச்சர்ட் பார்க்கில் ஒரே புயலில் ஏறக்குறைய 2 மீட்டர் பனி விழுந்தது. இந்தப் பக்கத்து நாட்டுப்புற வீடுகளில் சாலைக்கும் வாசலுக்கும் நடுவே நீளமான டிரைவ்வே கிடக்கும். அதைச் சுத்தம் செய்வது வீட்டுக்காரர் பாடு. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் நம்மவர் வீட்டு முன்னால் இரண்டு கார் நிற்கும் இடத்துக்கு ஒரு ஷவல் போதும், இங்கே போதாது.

கொட்டகையில் ஒரு கார்டன் டிராக்டர் நிற்கிறது. கோடையில் புல் வெட்டவும் மண் அள்ளவும் வாங்கியது. முன்னால் லோடர் மாட்டியிருக்கிறது. லோடரைக் கழற்றிவிட்டுப் பனித்தள்ளும் பிளேடு மாட்டுவது நேரம் பிடிக்கும் வேலை, பிளேடுக்குப் பணமும் வேண்டும். இருக்கிற லோடரையே பனிக்குப் பழக்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. இந்த யோசனையில் பாதி சரி என்பது என் கருத்து. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காததால் நல்ல இயந்திரங்கள் வீணாகப் பழுதாகின்றன என்பதே என் வருத்தம்.

முதலில் ஒரு கணக்கு. 4 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் உள்ள டிரைவ்வேயில் 20 சென்டிமீட்டர் பனி கிடந்தால் அது 24 கன மீட்டர். காற்றோட்டமான புதுப்பனியைக் கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 2,400 கிலோ. ஈரப்பனி என்றால் இரண்டு மூன்று மடங்கு. இந்த வகை டிராக்டரின் பக்கெட் 0.15 கன மீட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், அள்ளிக் கொட்ட 160 நடை. பனியில் அமுங்கல் உண்டு, நடை குறையும் என்று சொன்னாலும் விடிந்து வேலைக்குக் கிளம்பவேண்டியவருக்கு இது ஆகாது. ஆகவே தள்ளித்தான் ஆகவேண்டும். பக்கெட்டைத் தரையில் வைத்துத் தள்ளினாலோ, அது நிரம்பியதும் பனி இரு பக்கமும் வழிந்து வரப்பு வரப்பாக நிற்கிறது. ஒதுக்கிவிட்டுப் போக, பிளேடைப்போல இடம் வலமாகத் திரும்பும் வசதி பக்கெட்டுக்குக் கிடையாது.

இங்கேதான் கைவேலைக்காரர்களின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. பக்கெட்டைக் கழற்றிவிட்டு, லோடர் கைகளின் நுனியில் ஒரு பிளேடைப் பின் போட்டு மாட்டுகிறார்கள். பக்கெட்டைக் கவிழ்க்கும் சிலிண்டர்களுக்குப் பதில் இரண்டு இரும்புக் கட்டைகளைக் கொடுத்துச் சாய்வை நிலைப்படுத்திவிட்டு, அங்கே போன ஹைட்ராலிக் குழாய்களை பிளேடைத் திருப்பும் சிலிண்டருக்கு மாற்றிவிடுகிறார்கள். இருக்கையை விட்டு இறங்காமல் பிளேடு இடமும் வலமும் திரும்புகிறது. புதிதாக ஒரு வால்வுகூட வாங்கவில்லை. இந்தச் சிக்கனத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் லோடரின் கைகள் பாரத்தை மேலே தூக்கச் செய்யப்பட்டவை. திருப்பிவைத்த பிளேடின் ஒரு மூலை, பனிக்குள் மறைந்திருக்கும் நடைபாதை விளிம்பில் இடித்தால் விசை பக்கவாட்டில் வருகிறது. பிளேடோ முன்சக்கரங்களுக்கு வெகு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நீளமான நெம்புகோலின் நுனியில் விழுந்த அடி அது. கைகளை இணைக்கும் குறுக்குக் குழாய் முறுக்கப்படுகிறது. லோடர் தாங்கி சேஸியைச் சந்திக்கும் இடத்தில் போல்ட் துளை மெல்ல நீள்வட்டமாகிறது. வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்து, அந்தக் கோட்டில் துரு கசிந்தால் உள்ளே இரும்பு விரிசல் விடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதே வகை டிராக்டருக்கென்று நிறுவனங்கள் விற்ற பிளேடைப் பாருங்கள். 1983 முதல் 1992 வரை வந்த ஜான் டியர் 318, 18 குதிரைத்திறன் ஓனான் எஞ்சின் கொண்டது. அதற்குக் கிடைத்த 54 அங்குல பிளேடு தரைக்கு நெருக்கமாக, சேஸியோடு ஒட்டி நிற்கும். பின்னால் சுருள்வில்கள் உண்டு. கல்லில் இடித்தால் பிளேடின் அடிப்பாகம் பின்னால் மடங்கி, தடையைத் தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும். வீட்டில் செய்த லோடர் பிளேடில் பெரும்பாலும் இல்லாமல் போவது இந்த வில்தான். ஹைட்ராலிக் பம்பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். காப்பாற்றாது. கட்டுப்பாட்டு வால்வு மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் எண்ணெய் சிறைப்பட்டு நிற்கிறது. இடியின் அதிர்ச்சி அந்த ரிலீஃப் வால்வுவரை போய்ச் சேராது. திருப்பும் சிலிண்டரின் இரு குழாய்களுக்கும் நடுவே தனியாக ஒரு ரிலீஃப் வைக்கவேண்டும். பிளேடு மாட்டியே தீருவேன் என்பவர், பெயிண்டுக்கு முன் இந்த இரண்டுக்கும் செலவழிக்கட்டும்.

பிடிமானமும் ஒரு தொல்லை. பெரும்பாலான கார்டன் டிராக்டர்களில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். லோடரோ எடையை முன்னால் கொண்டுபோகிறது. சங்கிலியும் பின்பாரமும் இல்லாமல் பனியில் இறங்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்புவது பழைய வழக்கம். அது எளிதில் உறையாது, ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். லோடர் வால்வில் ஃப்ளோட் நிலை இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இருந்தால் விளிம்பு தன் எடையில் தரையோடு ஏறி இறங்கும். இல்லாவிட்டால் சற்று அழுத்தியதும் முன்சக்கரம் கிளம்பி ஸ்டியரிங் பயனற்றுப் போகும்.

லோடர் வெல்லும் இடம் வேறு. நகராட்சியின் பனிவண்டி சாலையைச் சுத்தம் செய்துபோகும்போது, வழித்த பனியை ஒவ்வொரு டிரைவ்வேயின் வாயிலும் ஒரு மேடாக விட்டுப்போகிறது. சாலை உப்பும் சேறும் கலந்து, இரவில் இறுகிப் பாறையாகும் அந்த மேட்டை உடைத்துத் தூக்கப் பக்கெட்டுக்கு நிகர் எதுவுமில்லை. ஒதுக்கிய பனி ஜனவரிக்குள் இரு பக்கமும் சுவராக வளர்ந்து பாதையைக் குறுக்கும்போதும், அதை எடுத்து மேலே அடுக்க பிளேடால் முடியாது. சாலைக்குக் குறுக்கே தள்ளிவிடுவதும் வழியல்ல: அனுமதியின்றிச் சாலையில் பனியைப் போடுவதை ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடைசெய்கிறது.

ஆகவே பக்கெட்டைக் கழற்றவேண்டாம் என்பேன். பின்புறம் மூன்றுமுனை இணைப்பு இருந்தால் அங்கே ஒரு பிளேடு மாட்டலாம். ஒதுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும், லோடருக்கு வேண்டிய பின்பாரமாகவும் நிற்கும். திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலிக்கும், உண்மைதான். சேஸி விரிசல் விடுவதைவிட அது தேவலை. ஜல்லிப் பாதை என்றால், நீளவாக்கில் கீறிய ஒரு குழாயைப் பக்கெட்டின் விளிம்பில் செருகிவிட்டால் கல்லை வாராது. பனியைச் சுமந்து போகும்போது பக்கெட்டை முழங்காலுக்கு மேல் தூக்காதிருப்பது நல்லது. இந்தச் சிறிய டிராக்டர்களில் பெரும்பாலும் கவிழ்ந்தால் காக்கும் சட்டம் கிடையாது.